தொழிலுக்கும் ஒரு குணம் உண்டு

சேலம் மாவட்டத்து மேச்சேரியிலோ நங்கவள்ளியிலோ ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னால், சுற்றியிருப்பவர்கள் தரும் யோசனைகள் அனைத்தும் ஒரே கேள்விக்கான பதில்களாகவே இருக்கும்: இப்போது எது நன்றாக ஓடுகிறது? ஆட்டுப் பண்ணை ஓடுகிறது என்பார் ஒருவர். பேக்கரி வைத்தால் தினமும் கையில் காசு புழங்கும் என்பார் இன்னொருவர். பழைய லாரி ஒன்று வாங்கிவிடு, நான்கு தறி போட்டுவிடு என்று அவரவர் கண்ட வெற்றியைக் காட்டுவார்கள். கேள்வி தவறானதல்ல. வாங்க ஆளில்லாத பொருளை வைத்துக்கொண்டு எவரும் பிழைக்க முடியாது. ஆனால் அது பாதிக் கேள்விதான். அந்தத் தொழில் தன்னை நடத்துகிறவரிடம் தினமும் எதைக் கேட்கிறது, அதைப் பத்து வருடம் சலிக்காமல் கொடுக்கக்கூடியவரா இவர் என்பது மீதிப் பாதி. கடை மூடப்பட்டதும், கொட்டகை காலியானதும், முதல் போதவில்லை, விலை விழுந்துவிட்டது, நேரம் சரியில்லை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஆளுக்கும் தொழிலுக்கும் பொருந்தவில்லை என்ற காரணத்தை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால் அடுத்தவரும் அதே வழியில் போய் அதே இடத்தில் இடறுகிறார்.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு குணம் இருக்கிறது. போட்ட பணம் நாளுக்கு நாள் திரும்புகிறதா, வருடம் கழித்துத் திரும்புகிறதா என்பதில் அது தெரியும். எத்தனை மணி நேரம் கண் அதன்மேல் இருக்க வேண்டும், யாரிடம் பேரம் பேச வேண்டும், யாரை நம்பி விட்டுவிட்டு வர வேண்டும், கெட்ட செய்தி எந்த வேளையில் வரும் என்பவற்றிலும் தெரியும். சேலம், நாமக்கல் சமவெளியில் இதைப் பார்ப்பது எளிது. மேட்டூர் அணை கூப்பிடு தூரத்தில் இருந்தும் மேச்சேரியைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. விவசாயம் மட்டும் சோறு போடாது என்பதால், இந்தச் சமவெளி மக்கள் பல தலைமுறைகளாகப் பக்கத்தொழில்களைத் தேடிப் பிடித்து அவற்றையே பெருந்தொழில்களாக ஆக்கிக்கொண்டார்கள். ஆடு, தறி, முட்டை, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, ஜவ்வரிசி என்று நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை மாறுபட்ட தொழில்கள் செழித்த இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. தேர்ந்தெடுக்க இவ்வளவு இருக்கும் ஊரில் தேர்வு மட்டும் மற்றவரைப் பார்த்துச் செய்வதாக இருக்கிறது.

ஆட்டை எடுத்துக்கொள்வோம். மேச்சேரி என்ற பெயரையே தாங்கிய செம்மறி இனம் இந்த மண்ணுக்குரியது. வெளிர்பழுப்பு நிறம், கம்பளியாக வளராத குட்டை முடி, கிடாவுக்கும் கொம்பில்லாத தலை. இதன் தோலுக்குத் தோல் பதனிடுவோரிடம் தனி மதிப்புண்டு. இந்த இனத்தைக் காக்கவும் மேம்படுத்தவும் 1978-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் பக்கத்துப் பொட்டனேரியில் இருக்கிறது. வெயிலைத் தாங்கும், காய்ந்த காட்டில் மேய்ந்து உடம்பு தேற்றிக்கொள்ளும், கறிக்கு விலை உண்டு. இதையெல்லாம் கேட்டுத்தான் பலரும் இறங்குகிறார்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் நூறு பெட்டையும் ஐந்து கிடாவும் கொண்ட பண்ணைக்குச் செலவில் பாதி, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது என்பது அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. ஆனால் செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். இந்த இனம் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். குட்டி விற்கும் எடைக்கு வர மேலும் சில மாதங்கள் வேண்டும். ஆக, போட்ட பணத்திலிருந்து முதல் வருமானத்தைப் பார்க்க ஏறக்குறைய ஒரு வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடமும் மேய்ச்சல், தண்ணீர், குடற்புழு மருந்து, தடுப்பூசி என்று செலவு நிற்காது. மழைக்குப் பின் தளிர்ப் புல்லை மேய்ந்த நல்ல ஆடு துள்ளுமாரி நோய் கண்டு மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். மந்தையில் ஒரே ஓர் ஆடு சற்றுப் பின்தங்கி நடப்பதை அன்று மாலையே கவனிக்கிறவருக்கு இந்தத் தொழில் பிழைப்பு தரும். மூன்று நாள் கழித்துக் கவனிக்கிறவருக்கு நட்டம் தரும். இந்தக் கவனம் சிலருக்கு இயல்பாகவே வரும். நன்றாகப் படித்த, கெட்டிக்காரரான, பணம் வைத்திருக்கிற பலருக்கு வராது. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். அவர்களுடைய கவனம் வேறு விதமானது.

நாமக்கல் முட்டைப் பண்ணையும் உயிர்களை வளர்க்கும் தொழில்தான். ஆனால் அதன் குணம் முற்றிலும் வேறு. முட்டைக் கோழி ஏறக்குறைய ஐந்து மாதம் தீவனம் தின்ற பிறகே முட்டையிடத் தொடங்குகிறது. செலவில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்துக்குப் போகிறது. முட்டையின் விலையைப் பண்ணைக்காரர் நிர்ணயிப்பதில்லை. 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலைதான் சந்தையின் அளவுகோல். வாங்கும் விலையும் விற்கும் விலையும் தன் கையில் இல்லாத ஒருவருக்கு மிச்சமிருப்பது கணக்கு ஒன்றுதான். ஒரு கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தின்னும். ஐம்பதாயிரம் கோழிகள் இருக்கும் பண்ணையில் கோழிக்கு ஐந்து கிராம் வீணானால் ஒரு நாளில் 250 கிலோ தீவனம் போய்விடும். இந்த ஐந்து கிராமைத் தேடித்தேடிப் பிடிக்கிற மனம் இங்கே வேண்டும். பறவைக் காய்ச்சல் செய்தி வந்து கேரளத்துக்குப் போகும் வண்டிகள் நின்றாலும், தீவன விலை ஏறிய மாதத்திலேயே முட்டை விலை சரிந்தாலும், பதறிப்போய்க் கோழிகளைக் கழித்துவிடாத நிதானமும் வேண்டும். ஆட்டுக்காரரின் கண் இங்கே அவ்வளவு உதவாது. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் சாமர்த்தியத்துக்கு இங்கே வேலையே இல்லை.

தறிக்கு வந்தால் இன்னொரு உலகம். ஜலகண்டபுரம், தாரமங்கலம், வனவாசி, மேச்சேரி என்று நீளும் விசைத்தறிப் பகுதியில் பெரும்பாலானவை கூலித் தறிகள். பாவும் ஊடையும் ஜவுளிக்காரரிடமிருந்து வரும். நெய்து கொடுத்தால் கூலி. துணி விற்குமா என்ற கவலை நெய்பவருக்கு இல்லை. ஆனால் கூலியைக் கூட்டிக் கேட்கும் பலமும் தனி ஆளாக அவருக்கு இல்லை. சங்கம் வைத்துப் பேசித்தான் வாங்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 750 அலகாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 அலகாக உயர்ந்தது இவர்களுக்குப் பெரிய மூச்சு. இந்தத் தொழிலில் நிலைப்பவர் தறியின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லக்கூடியவர். ஒரே வேலையை ஒரே சீராக வருடக்கணக்கில் செய்வதில் மனநிறைவு காண்பவர். முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போகும் ஆளிடமும் பொறுமை இழக்காதவர். லாரிக்கும் ரிக்குக்கும் வேண்டிய மனம் இதற்கு நேர் எதிர். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்திருப்பவர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர், தம் சொத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு இரவில் தூங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே பார்த்தால்தான் நிம்மதி என்பவருக்கு அந்தத் தொழில் முதல் மாதத் தவணையிலேயே உடம்பைக் கெடுத்துவிடும்.

இதைச் சொன்னால், குணம் என்பதெல்லாம் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போல இருக்கிறது, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தொழில்முனைவோரின் ஆளுமையைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, ஆண்ட்ரியாஸ் ரவுச், மைக்கேல் ஃப்ரேசே என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். தொழில் நடத்தும் வேலையோடு நேரடியாகப் பொருந்துகிற குணங்கள், அதாவது நெருக்கடியைத் தாங்குவது, தானாக முன்வந்து செய்வது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை போன்றவை, தொழிலின் வெற்றியோடு தொடர்புடையவையாக இருந்தன. வேலையோடு பொருந்தாத பொதுவான குணங்களுக்கு அந்தத் தொடர்பு மிகக் குறைவாகவே இருந்தது. நல்லவர், கலகலப்பானவர், சுறுசுறுப்பானவர் என்று பொதுவாக அடுக்கும் சான்றிதழ்களால் பெரிய பயனில்லை. எந்த வேலைக்கு எந்தக் குணம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரிகிறது. அந்தத் தொடர்பும் மிதமானதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. குணம் பொருந்தினால் வெற்றி நிச்சயம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தன் காட்டை அடமானம் வைத்து இறங்கும் இடத்தில், மிதமான தொடர்பும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. குணம் என்ன கல்வெட்டா, மாறாதா? பயிற்சி கொடுத்தால் யாரையும் எந்தத் தொழிலுக்கும் தயார் செய்துவிடலாமே? மாறும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1960-களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு வணிகர்களுக்குச் சாதனை உந்துதல் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை விரித்ததாக 1969-இல் வெளியான அவருடைய நூல் பதிவு செய்தது. ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. கணக்கு எழுதுவது, சந்தைப்படுத்துவது என்ற வழக்கமான பயிற்சியைவிட, தானாக முன்வந்து யோசித்துச் செயல்படும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சி அதிகப் பலன் தந்தது. அதைப் பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. ஆகவே மனிதர் மாறுவார் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆய்வுகளில் பயிற்சி பெற்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே ஒரு தொழிலில் நிலைத்து நின்றவர்கள். தையல்காரரை நல்ல தையல் கடைக்காரராக்கியது பயிற்சி, தையல்காரரை லாரிக்காரராக்கவில்லை. முனைப்பைக் கற்றுத் தரலாம், கணக்கைக் கற்றுத் தரலாம். தூக்கத்தின் ஆழத்தையும், தனிமையைத் தாங்கும் அளவையும், பேரம் பேசும்போது வரும் கூச்சத்தையும் ஒரு வாரப் பயிற்சியில் மாற்ற முடியாது. மாற்றத்தான் வேண்டும் என்றால், அதற்கான செலவை வங்கிக் கடனில் செய்யக் கூடாது.

மூன்றாவது மறுப்பு உண்மையிலேயே வலிக்கக் கூடியது. குணத்துக்கு ஏற்ற தொழில் என்பதெல்லாம் வசதி உள்ளவர்களின் பேச்சு. மேச்சேரிச் சுற்றுவட்டத்தில் பாதிப் பேருக்குத் தேர்வு என்ற ஒன்றே கிடையாது என்பது அது. நிலம் இருப்பவருக்கு ஆடு, சொந்தக்காரர் முன்பே இருப்பவருக்கு லாரி, ஒன்றுமில்லாதவருக்குக் கூலி. இதில் உண்மை இருக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஆய்வாளர் ஷரத் சாரி 2004-இல் எழுதிய நூல் இதை விரிவாகக் காட்டியது. உழவர் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாகப் போன கவுண்டர்கள் பலர் முதலாளிகளாக உயர்ந்தார்கள். அந்த உயர்வுக்கு உழைப்போடு சாதி உறவும் கைகொடுத்தது. அதே உறவு வலைதான் மற்றவர்களை வெளியே நிறுத்தியது. இந்தச் சமவெளியின் தொழில்களும் அதே கொங்கு மண்ணின் நீட்சிதான். பெண்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. ஆட்டை வளர்ப்பது பெண்கள், சந்தைக்குப் பிடித்துப்போய் விற்பது ஆண்கள் என்ற ஏற்பாடு பல வீடுகளில் மாறவில்லை. பக்கத்துத் தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடனைக் கொண்டுவந்தன. சந்தைக்குப் போகும் சுதந்திரத்தை அந்த அளவுக்குக் கொண்டுவரவில்லை.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதைவிட, அது எங்கே மிகவும் தேவைப்படுகிறது என்பதையே காட்டுகிறது. வசதியுள்ளவர் பொருந்தாத தொழிலில் இறங்கி இழந்ததை இன்னொன்றில் பிடித்துவிடுவார். ஒரே ஒரு முறை மட்டும் முயன்று பார்க்க முடிந்தவருக்குப் பொருத்தம் என்பது ஆடம்பரமாக இருக்க முடியாது. அதோடு, தேர்வு என்றால் தொழிலையே மாற்றுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே தொழிலுக்குள் பல இருக்கைகள் உண்டு. கோழியிலேயே பாருங்கள். முட்டைப் பண்ணை வைத்திருப்பவர் விலை ஏற்ற இறக்கம் முழுவதையும் தன் தோளில் சுமக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கம் சுகுணா நிறுவனம் பரப்பிய ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவரோ, குஞ்சையும் தீவனத்தையும் மருந்தையும் நிறுவனத்திடமிருந்து பெற்று, ஏறக்குறைய நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குகிறார். சந்தை விழுந்தால் அவருக்கு அடி குறைவு, ஏறினால் ஆதாயமும் இல்லை. எப்போது குஞ்சு வரும், எப்போது வண்டி வந்து எடுக்கும் என்பது நிறுவனத்தின் கையில். சுதந்திரம் முக்கியம் என்பவருக்கு இது அடிமைத்தனமாகத் தெரியும். விலை பார்த்துப் பார்த்து நெஞ்சு படபடப்பவருக்கு இதுவே நிம்மதி. இரண்டு பேரும் சரி. இருக்கை மாறினால் இரண்டு பேருக்கும் துன்பம். ஆட்டிலும் அப்படியே. கருத்தரிக்க வைத்துக் குட்டி எடுக்கும் பண்ணை ஓர் இருக்கை. குட்டிகளை வாங்கி நான்கைந்து மாதம் கொழுக்க வைத்து, பக்ரீத்துக்கோ ஆடிக்கோ விற்பது இன்னோர் இருக்கை. வாரச்சந்தையில் வாங்கி வாரச்சந்தையிலேயே விற்கும் வியாபாரி, கறிக்கடைக்காரர், பசுந்தீவனம் பயிரிட்டு விற்பவர் என்று அது நீள்கிறது. காத்திருக்க முடியாதவர் சினை ஆட்டோடு ஒரு வருடம் மல்லுக்கட்டுவதற்குப் பதில், சந்தை வியாபாரத்தில் அதே ஆட்டை வைத்து வாரம் ஒருமுறை பணத்தைப் புரட்டலாம். தறியிலும் கூலிக்கு நெய்வது ஒன்று. இளம்பிள்ளைப் பக்கம் பலர் செய்வதைப் போலச் சேலையைப் படம் எடுத்துக் கைபேசியிலேயே ஊர் ஊராக விற்பது வேறொன்று. முன்னதற்குக் கை வேண்டும், பின்னதற்கு வாய் வேண்டும்.

இங்கே ஈமுவை நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. பெருந்துறையில் 2006-இல் தொடங்கிய சுசி ஈமு நிறுவனம், குஞ்சுகளைக் கொடுத்து, தீவனத்தையும் மருத்துவத்தையும் தானே பார்த்துக்கொண்டு, மாதாமாதம் பணமும் ஆண்டுக்கு ஊக்கத்தொகையும் தருவதாக விளம்பரம் செய்தது. ஆயிரக்கணக்கானோர் லட்சங்களைக் கொட்டினார்கள். 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. நடத்தியவருக்கு நீதிமன்றம் பின்னர் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அது மோசடி, அதற்கும் குணப் பொருத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விலை விவரம் தெரிந்த, தலைமுறையாகக் கால்நடை வளர்த்த கொங்கு விவசாயிகள் எப்படி அதில் விழுந்தார்கள் என்பதுதான் என்னை விடாத கேள்வி. அந்தத் திட்டம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கவனம் வேண்டாம், சந்தை வேண்டாம், பேரம் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். கொட்டகைக்கு இடம் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றது. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஒரு தொழில் சொல்லும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று கேட்கும் பழக்கம் ஊரில் இருந்திருந்தால், அதற்குப் பதில் இல்லை என்பது வெளிச்சமாகியிருக்கும். ஈமு கறியை யார் வாங்குகிறார்கள் என்ற அடுத்த கேள்வியும் தானாக வந்திருக்கும்.

பிடித்ததைச் செய் என்று இப்போது மேடைகளில் கொடுக்கப்படும் அறிவுரையையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிடிப்பதும் பொருந்துவதும் வேறு வேறு. சமையல் பிடிக்கும் என்பதற்காக மெஸ் திறப்பவர், விடியும் முன் காய்கறி மண்டியில் நிற்க வேண்டும். மாஸ்டர் சொல்லாமல் நின்ற நாளில் பரோட்டா போட ஆள் தேட வேண்டும். மிஞ்சிய குழம்பின் கணக்கைத் தினமும் பார்க்க வேண்டும். கடன் சொல்லிவிட்டுப் போகும் தெரிந்தவரிடம் முகம் கோணாமல் பணம் கேட்க வேண்டும். அடுப்படி அந்த நாளில் சிறு பங்குதான். சமையலில் பெரிய ஆசை இல்லாத, ஆனால் மனிதர்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர் அதே மெஸ்ஸை நன்றாக நடத்துவார். ஆசை பொருளின் மேல் எழுகிறது. நாள் முழுவதையும் வேலைதான் தின்கிறது. அந்த வேலையைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வதே என் வாதம்.

சரி, தன் குணம் தனக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. கேள்வித்தாள் நிரப்பினாலும் அரைகுறையாகத்தான் தெரியும். தம்மைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பொறுமைசாலிகள்தான். ஒரே வழி, அந்தத் தொழிலில் இன்னொருவரிடம் சில காலம் வேலை பார்ப்பது. அமெரிக்க அரசின் பதிவேடுகளைக் கொண்டு பியர் அசூலே உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. கல்லூரியை விட்டு வந்த இளைஞரின் கதை விதிவிலக்கு. அதே துறையில் குறைந்தது மூன்று வருடம் வேலை பார்த்தவர்கள், அனுபவமே இல்லாதவர்களைவிடப் பெரிய வெற்றி பெறும் வாய்ப்பு 85 சதவீதம் அதிகமாக இருந்தது. திருப்பூரிலும் பனியன் கம்பெனியில் கைமடித்தவர்கள்தான் பின்னால் கம்பெனி வைத்தார்கள். ரிக் வண்டியில் துளைபோடப் போனவர்கள் ரிக் வாங்கினார்கள், கிளீனராக ஏறியவர்கள் லாரி வாங்கினார்கள் என்பது இந்தச் சமவெளிக்குத் தெரியாத செய்தியல்ல. வேலை செய்த அந்த வருடங்களில் தொழில்நுட்பத்தைக் கற்றார்கள் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் அப்போதே விலகினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய முறை, பொருந்தாதவர்களைச் சொந்தக் காசு போகும் முன்பே வடிகட்டியது.

இன்று அந்த வடிகட்டி இல்லாமலே கடன் கிடைக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலுமான திட்டங்கள் ஏற்கப்படுகின்றன. பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். பெரிய திட்டம் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், சொந்தப் பங்காக 5 அல்லது 10 சதவீதம் போட வேண்டும், திட்ட அறிக்கை வேண்டும். முத்ரா கடன் ஈடு கேட்காமலே கிடைக்கிறது. மாநில அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. இவை எல்லாமே தேவையான, போராடிப் பெற்ற கதவுத் திறப்புகள். ஆனால் திறக்கப்பட்டது பணத்தின் கதவு மட்டும். முட்டைப் பண்ணைக்காரரின் மகன் இருபது வயதுக்குள் தீவன மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்து, இது தனக்கு ஆகுமா ஆகாதா என்பதைக் கடன் வாங்காமலே தெரிந்துகொள்கிறான். அந்தப் பண்ணையின் வாசலைத் தாண்டும் வாய்ப்பே கிடைக்காத வீட்டுப் பிள்ளை, மானியம் வாங்கிக் கொட்டகை கட்டிய பிறகுதான் அதைத் தெரிந்துகொள்கிறான். சாதி வெளியே நிறுத்தியது மூலதனத்திலிருந்து மட்டுமல்ல, உள்ளே நின்று பார்க்கும் அந்த இருபது வருடத்திலிருந்தும்தான். மூலதனத்தை மானியமாகக் கொடுக்கும் அரசு, அந்த அனுபவத்திலும் ஒரு சிறு பங்கையாவது கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே கடனுக்கு முன் மூன்று மாதம், கூலியோடு, தான் தொடங்க விரும்பும் தொழிலை நடத்திக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வேலை பார்க்கும் ஏற்பாட்டை மாவட்டத் தொழில் மையம் செய்ய வேண்டும் என்கிறேன். இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் வேண்டாம். ஆட்டுக்குப் பொட்டனேரி ஆராய்ச்சி நிலையமும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கோழிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வகுப்பறைப் பயிற்சியை இவை இப்போதே நடத்துகின்றன. சேர்க்க வேண்டியது பண்ணையில் விடிகாலை முதல் இரவு வரை நிற்கும் நாட்கள்தான். நாளைய போட்டியாளரை எந்த முதலாளி உள்ளே விடுவார் என்ற ஐயம் நியாயமானது. தெருமுனை பேக்கரிக்காரர் அதே தெருவில் கடை வைக்கப் போகிறவரை விடமாட்டார். அவரை ஓமலூருக்கோ எடப்பாடிக்கோ அனுப்ப வேண்டும். ஆனால் விலை பொதுவில் அறிவிக்கப்படும் முட்டைத் தொழிலில் இன்னொரு பண்ணை வந்தால் பழைய பண்ணையின் விலை குறைந்துவிடாது. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் தறிப் பட்டறையில் கூலியை அரசு தரும் ஒரு கையை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. தாமதமாகும் என்பார்கள். திருப்பிக் கட்ட மூன்று முதல் ஏழு வருடம் தரப்படும் கடனுக்கு முன்னால் மூன்று மாதம் பெரிய தாமதமல்ல.

இந்த ஏற்பாட்டில் பலர் இரண்டாவது மாதமே இது எனக்கு ஒத்துவராது என்று போய்விடுவார்கள், அப்போது அரசின் பணம் வீண்தானே என்பது கடைசியாக வரக்கூடிய மறுப்பு. அப்படிப் போகிறவருக்கு அரசு கொடுத்தது இரண்டு மாதக் கூலி. அதே உண்மையைக் கடன் வாங்கி, கொட்டகை கட்டி, நூறு ஆடு வாங்கிய பிறகு அவர் கண்டுபிடித்திருந்தால், மானியமும் போயிருக்கும், வங்கிக்கு வாராக்கடனும் வந்திருக்கும், குடும்பத்தின் நிலமோ நகையோ மீளாமலும் போயிருக்கும். அவரை இலக்கு எட்டாதவர் பட்டியலில் சேர்க்காமல், மறுபடி விண்ணப்பிக்கும் உரிமையோடு அனுப்ப வேண்டும். ஆடு வளர்க்கப் பொறுமை இல்லாதவர் என்று பொட்டனேரியில் தெரிந்துகொண்டவர், அடுத்த விண்ணப்பத்தைச் சந்தை வியாபாரத்துக்கோ தீவனக் கடைக்கோ போடலாம். அந்த விண்ணப்பத்தை அதிகாரி கூடுதல் நம்பிக்கையோடு பரிசீலிக்கலாம்.